ஆணி அடிக்க ஒரு சுவர்

மெத்தைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடப் போவதில்லை. அதைப் பற்றி இனி யோசித்துப் பிரயோஜனமில்லை. ஆகவே இன்னொரு வீடு வாங்கிவிட வேண்டியது. அங்கேயாவது எடுபடட்டும்.

அவர் மெத்தப் படித்தவர் இல்லை, மெத்தையில் படுத்தவர். படுத்துப் படுத்தே முன்னுக்கு வந்தவர். ஷோரூமுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து அழைத்துப் போவார். ஒரு மெத்தையில் படுக்க வைப்பார். பக்கத்து மெத்தையில் தானும் படுப்பார். "கண்ணை மூடுங்க. இப்பச் சொல்லுங்க, முதுகு என்ன சொல்லுது?" என்பார். முதுகு ஏதாவது சொல்வதற்குள் பில் தயாராகிவிடும். ஊரில் பாதிப் பேரைப் படுக்க வைத்த மனிதருக்குச் சொந்த வீட்டில் காலை நீட்ட இடம் கிடையாது.

சொந்த வீடு என்பதுகூடப் பேச்சுக்குத்தான். வீடு மாமனார் கட்டியது. மகள் பேருக்கு எழுதிவைத்தார். மகள் உள்ளே வந்தபோது கூடவே மாப்பிள்ளையும் வந்தார். அவருக்கும் அந்த வீட்டுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். ஹாலில் தையல் வகுப்பு நடக்கிறது. மனைவிதான் நடத்துகிறார். படிக்க வரும் பெண்கள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புருஷன் வாயிலும் அதே பேர் வந்து உட்கார்ந்துவிட்டது. வாசலிலிருந்து படுக்கையறைக்குப் போவதென்றால் மிஷின்களுக்கு நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். சோபாவில் உட்காருவதற்கு முன் கையால் ஒரு தடவு தடவிப் பார்க்க வேண்டும். ஊசி கிடக்கும்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது கடிகாரம் விஷயம்தான்.

சிறந்த விற்பனையாளர் என்று கம்பெனி மேடை போட்டுக் கைதட்டிக் கொடுத்த சுவர்க் கடிகாரம். பெரிய வட்டம், தங்க நிற ஓரம், நடுவில் அவர் பேர். அவர் பேர் அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டு ஏறி, சுத்தியலை ஓங்கின நேரத்தில் டீச்சர் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஆணி."

"எங்கே?"

"சுவத்துல."

"எங்கப்பா பக்கத்துலயே நின்னு பாத்துப் பூசின சுவருங்க அது. அதுல போயி ஆணி அடிப்பீங்களா?"

"உங்கப்பா போட்டோ தொங்குதே."

"அது அவரே அடிச்ச ஆணி."

மெத்தைக்காரர் சுத்தியலை இறக்கினார். நாற்காலியிலிருந்து இறங்கினார். கடிகாரத்தை ஒரு பழைய மெத்தை உறையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வருஷங்கள் ஓடின. கடிகாரமும் ஓடியது, ஏனென்றால் பேட்டரி தீரத் தீர அவர் ரகசியமாகக் குனிந்து மாற்றிவந்தார். படுத்தால் முதுகுக்குக் கீழே டிக் டிக் என்று கேட்கும். அது கேட்கும்போதெல்லாம் அவருக்கு அவமானமாக இருக்கும்.

ஆகவேதான் இந்த முடிவு. ஒரு சின்ன வீடு வாங்குவது. வாடகைக்கு விடுவது. வருகிற வாடகையை பேங்க் தவணைக்குக் கட்டுவது. கைக்காசு கரையாது, டீச்சருக்கும் தெரியாது. குடிவருகிறவர் வருவதற்கு முன்னால் போய், ஹாலில் நல்ல இடமாகப் பார்த்து, ஒரே ஒரு ஆணி. முன்பணத்துக்கு, மெத்தைக் கமிஷனில் சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்தது தனிக் கணக்கில் இருந்தது.

வீடும் கிடைத்தது. புரோக்கர் ஒருவர் காட்டினார். மாடியில் ஒரு ஹால், ஒரு அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மெத்தைக்காரர் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஹால் சுவரைப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது. அப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மாசக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று விற்கிறவர் சொன்னது கொடுத்த பிறகுதான் காதில் விழுந்தது.

முதல் பேங்க்கில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, சம்பளச் சீட்டைப் புரட்டிவிட்டு, "உங்க மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போடணும் சார்" என்றார்கள். தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது பேங்க்கில், குடியிருக்கிற வீட்டுக்குத்தான் கடன், வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு வட்டியே வேறு என்றார்கள். அந்த வட்டியைச் சொன்னார்கள். மெத்தை இருந்திருந்தால் அங்கேயே படுத்திருப்பார்.

மூன்றாவது பேங்க்கில் லோன் ஆபீசர் ஒரு அம்மா. பேச்சு குறைவு. பேப்பர்களைப் பார்த்தார்.

"உங்க சம்பளம் மட்டும் பத்தாது சார். வாடகை வருமானத்தையும் சேர்த்துப் பாக்கலாம். ஆனா வரும்னு வாயால சொன்னா எடுத்துக்க மாட்டோம். ஆள் யாருன்னு காட்டணும். மூணு வருஷ அக்ரிமெண்ட் போடணும். வாடகை நேரா உங்க லோன் கணக்குக்கு வரணும்."

"வீட்டம்மா கையெழுத்து?"

"நல்ல டெனன்ட் இருந்தா அது தேவைப்படாது."

மெத்தைக்காரருக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"எங்க ஆள் ஒருத்தர் வந்து விசாரிச்சுட்டுப் போவாரு. வழக்கமா செய்யறதுதான்."

"தாராளமா வரட்டும் மேடம். சுவரைப் பாக்கச் சொல்லுங்க."

வீட்டை விசாரிக்க வருவார் என்று இவர் நினைத்தார். எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரமே புரோக்கரிடமிருந்து போன் வந்தது. மெத்தைக்காரர் ஷோரூமின் கடைசி மெத்தையில் போய்ப் படுத்துக்கொண்டு பேசினார். ரகசியப் பேச்செல்லாம் அவர் அங்கே படுத்துத்தான் பேசுவது.

"சார், ஆள் கிடைச்சாச்சு. ஒரு பயிற்சி நிலையம். குடும்பம் கிடையாது, சமையல் புகை கிடையாது, ராத்திரி தங்கல் கிடையாது. வாடகையும் நீங்க சொன்னதுக்குக் குறைக்கலை."

"பேரம் பேசாத டெனன்டா?"

"வாடகையில பேரம் இல்லை சார். சின்னச் சின்னதா கண்டிஷன் மட்டும் இருக்கு."

"சொல்லுங்க."

"ஓனர் நெனைச்ச நேரத்துக்கு வரக்கூடாது. முதல் நாளே சொல்லிட்டுத்தான் வரணும்."

"நியாயம்தானே."

"வந்தா செருப்பை வாசல்லயே விடணும்."

"பழக்கம்தான். அடுத்து?"

"ஈரத் துண்டை நாற்காலி மேல போடக்கூடாது."

"நான் எதுக்குய்யா டெனன்ட் வீட்டுக்கு ஈரத் துண்டோட போகப்போறேன்?"

"எனக்கென்ன தெரியும் சார், சொன்னதைச் சொல்றேன்."

மெத்தைக்காரர் யோசித்தார். கறாரான ஆள்தான். ஆனால் கறாரான ஆள் வாடகையையும் கறாராகக் கொடுப்பான். பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார். புரோக்கர் நல்ல மாதிரியாகப் பேசியதால் மனசு கொஞ்சம் இளகி, "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இதைக் கேக்கும்போது எனக்கு என் வீட்டம்மா நெனப்புத்தான் வருது. அவ மாதிரி ஒரு டெனன்ட் வாச்சா நான் வீட்டை வித்துட்டு ஓடிருவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

புரோக்கர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர், ஒரு பக்கம் பேசும்போது சிரிக்க மாட்டார்.

"கடைசியா ஒண்ணு சார். ஹால்ல ஒரு ஆளுயரக் கண்ணாடி மாட்டணுமாம். ஒரே ஒரு ஆணி."

மெத்தைக்காரர் மெத்தையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

ஆணியா. தன் சுவரிலா. அவர் ஒரு நொடி மாமனாராகவே மாறிப்போனார். இத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தையை யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவர்போல, வாய் நிறையச் சொன்னார். "முடியாது."

"ஒண்ணுதானே சார்."

"பாதி ஆணி கூடக் கூடாது. நான் பாத்துப் பாத்து வாங்கின சுவரு. அக்ரிமெண்ட்ல எழுதுங்க."

புரோக்கர் அந்தப் பக்கம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "ஒத்துக்கிட்டாங்க சார். ஆனா நாங்க அடிக்கக்கூடாதுன்னா அப்ப யாருமே அடிக்கக்கூடாதுன்னு எழுதச் சொல்றாங்க."

"எழுதுங்க, எழுதுங்க. யாருமேன்னே எழுதுங்க."

ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தார். டெனன்ட் வருவதற்கு முன்னால்தான் தன் ஆணி அடித்தாகிவிடுமே.

அன்றைக்குச் சாப்பிடும்போது டீச்சர் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏங்க, எங்கிட்ட படிக்கிற பொண்ணு ஒருத்தி. வாடகை வீடு. கண்ணாடி மாட்ட ஒரு ஆணி அடிச்சுக்கறேன்னு கெஞ்சினாளாம், ஓனர் விடலையாம். அந்த ஆளு மனசு எப்படிப்பட்ட மனசுங்க அது?"

மெத்தைக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். இந்த வீட்டில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

"மனசைப் பத்திப் பேசாத. வீடு யாருதோ அவங்க வெச்சதுதான் சட்டம். ஓனர் கூடாதுன்னா கூடாது."

"ஒரே ஒரு ஆணிக்கா?"

"இன்னைக்கு ஒரு ஆணிம்பாங்க, நாளைக்குச் சுவரே சல்லடையாயிரும். நீ அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. கையெழுத்துப் போட்டா போட்டதுதான், அப்புறம் அழக்கூடாதுன்னு."

"சொல்லிடறேன்" என்று டீச்சர் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். கேட்காமலே போட்டார். மெத்தைக்காரர் அதையும் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

அக்ரிமெண்டைப் புரோக்கர் ஷோரூமுக்கே கொண்டுவந்தார். படிக்கிற கண்ணாடி வீட்டில் இருந்தது. அதைக் கடைக்கு எடுத்து வந்திருந்தால், மெத்தை விற்கக் கண்ணாடி எதற்கு என்று டீச்சர் கேட்பார். அந்தப் பயத்தில் எடுத்து வரவில்லை. "நீங்களே படிங்க" என்றார். புரோக்கர் கண்டிஷன்களை மட்டும் படித்தார். டெனன்ட் பேர் வந்த இடத்தில், "பயிற்சி நிலையத்துப் பேருதான் சார்" என்று சொல்லித் தாண்டிப் போனார். விரல் வைத்த இடத்தில் எல்லாம் மெத்தைக்காரர் கையெழுத்துப் போட்டார். ஓனர் என்ற இடத்தில் போட்டபோது மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்தினார்.

பேங்க்கில் வேலை மளமளவென்று நடந்தது. லோன் ஆபீசர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். எங்க ஆள் விசாரிச்சதுலயும் உங்களைப் பத்தி ரொம்ப நல்லவிதமா சொல்லியிருக்காங்க."

"யாரு மேடம்?"

"விசாரிச்ச இடத்துலதான். பொறுப்பானவர், கெட்ட பழக்கம் கிடையாது, சொன்னதைக் கேப்பாருன்னு."

அக்கம்பக்கத்தில் தனக்கு இவ்வளவு நல்ல பேரா என்று மெத்தைக்காரர் பூரித்துப்போனார். மாசக் கடைசிக்குள் பணம் கட்டி, பத்திரம் முடிந்து, பேங்க் பெட்டிக்குள் போயிற்று.

டெனன்ட் பத்து மணிக்கு வருவதாகப் புரோக்கர் சொல்லியிருந்தார். மெத்தைக்காரர் ஒன்பதுக்கே கிளம்பிவிட்டார். கக்கத்தில் மெத்தை உறையில் சுற்றின கடிகாரம். கையில் சுத்தியல். சட்டைப் பையில் ஆணி. காலையில் கட்டிலடியிலிருந்து கடிகாரத்தை எடுத்தபோது டீச்சர் வீட்டில் இல்லை. நூல் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். ஹாலிலும் என்னவோ நடப்பதற்குத் தாராளமாக இருந்தது. சந்தோஷத்தில் அதையும் அவர் கவனிக்கவில்லை.

மாடிப்படி ஏறும்போதே உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் அவர் தினமும் கண் விழிக்கிறார். ஆனாலும் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு டீச்சர் நின்றிருந்தார்.

"வாங்க, ஓனர் சார்."

மெத்தைக்காரருக்கு வாயில் முதலில் வந்தது பொய்தான். "இல்ல… இந்தப் பக்கம் ஒரு மெத்தை டெலிவரி…"

"சுத்தியலோடயா?"

அவர் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கக்கத்தில் கடிகாரம் டிக் டிக் என்றது.

"நீ எப்படி இங்கே?"

"உங்க பேங்க்காரர் விசாரிக்க வந்தாரே, நம்ம வீட்டுக்குத்தாங்க வந்தாரு. கடன் கேக்கறவங்க குடியிருக்கிற வீட்டைப் பாப்பாங்களாம். உக்காரவெச்சுத் தண்ணி குடுத்தேன். எந்த வீடு வாங்கறீங்கன்னு அவரே சொன்னாரு. போய்ப் பாத்தேன், வாசல்ல புரோக்கர் நம்பர் தொங்குச்சு. ஹால் பெருசா இருந்துச்சு. எனக்கும் ரொம்ப நாளா இடம் பத்தலைங்க."

"அப்ப அந்தப் பயிற்சி நிலையம்…"

"என்னோடதுதான். பேர் வெச்சுப் பதிவு பண்ணிட்டேன். சாவியும் புரோக்கர்கிட்ட காலையிலேயே வாங்கிட்டேன். அதே பேங்க்ல புது மிஷினுக்கும் லோன் போட்டாச்சு. தொழில் நடத்த இடம் இருக்கான்னு கேட்டாங்க, உங்க அக்ரிமெண்டைக் காட்டினேன். அந்த மேடம் ரொம்ப நல்லவங்க."

மெத்தைக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல" என்றார்.

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. இத்தனை வருஷம் கூட இருந்துட்டு, எனக்குத் தெரியாம ஒரு வீடு வாங்குறீங்க. கேள்விப்பட்டப்ப எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? என்னை மாதிரி டெனன்ட் வாச்சா வித்துட்டு ஓடிருவீங்களாமே. ஓடுங்க பாக்கலாம்."

புரோக்கர் கமிஷனுக்கு ஏற்ற வேலை செய்திருந்தார். மெத்தைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் செருப்பு தெரிந்தது. கழற்றி வாசலில் விட்டார். உள்ளே வந்தார். எதிரே ஹால் சுவர், அவர் பார்த்துப் பார்த்து வாங்கின சுவர், பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. எது போனாலும் வீடு தன் பேரில்தானே. சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்தார்.

"அது என்னங்க?"

"ஒரே ஒரு ஆணி. கடிகாரம் மாட்டணும். அப்புறம் நீ எது வேணாலும் பண்ணிக்கோ."

"அடிக்க முடியாதே."

"இது என் வீடு."

"யாரு இல்லைன்னா? யாருமே அடிக்கக்கூடாதுன்னு எழுதச் சொன்னது நீங்கதானே. நான் ஒரு கண்ணாடிக்காக எவ்வளவு கெஞ்சினேன். பாதி ஆணி கூடக் கூடாதுன்னீங்க."

மெத்தைக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஆளுயரக் கண்ணாடி தரையில் நின்று சுவரில் சாய்ந்திருந்தது. அதில், ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் ஆணியும் கக்கத்தில் மூட்டையுமாக ஒரு ஓனர் நின்றுகொண்டிருந்தார்.

பேங்க்குக்குப் போன் போட்டார்.

"மேடம், அக்ரிமெண்ட்ல ஒரு வரி. அந்த ஆணி விஷயம். மாத்திக்கலாமா?"

"மாத்தலாமே சார். டெனன்ட் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா போதும்."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு டெனன்டைப் பார்த்தார். டெனன்ட் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டா போட்டதுதாங்க. அப்புறம் அழக்கூடாது" என்றார் டீச்சர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு வருஷம் ஆகட்டும், பேசலாம்."

மெத்தைக்காரர் ஆணியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம வீட்டு ஹால் இப்பக் காலிதானே. அங்கேயாவது…" என்று ஆரம்பித்தார்.

"அது எங்கப்பா சுவரு."

அவர் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் பின்னாலேயே வந்தார். குரல் இளகியிருந்தது.

"வெயில்ல அதை எதுக்கு மறுபடியும் சுமக்கறீங்க. குடுங்க, இங்கேயே பத்திரமா வெச்சுக்கறேன். அடுத்த தடவை வரும்போது முதல் நாளே சொல்லிடுங்க, எடுத்துத் துடைச்சு வெக்கறேன்."

அந்த அன்பில் அவர் நிஜமாகவே நெகிழ்ந்துபோனார். மூட்டையைக் கொடுத்தார். அன்றிலிருந்து மெத்தைக்காரரின் கடிகாரம் அவருடைய சொந்த வீட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, தையல் மிஷினுக்கு அடியில்.